கான்வென்ட் முன்வாசல்

"இங்க சாப்பிட வரமாட்டேன்னு நேத்தே சொன்னேன்ல—"

"காலையில சட்டை மாத்தும்போது சொல்லலையே! சுவா சூ காங் வீட்டுல இருந்து ரயில் ஏறி வந்துட்டு, வாசல்ல நின்னுக்கிட்டு—"

"ஆஸ்பத்திரியில யாராவது விருந்து சாப்பிடுவாங்களா அமலா?"

"ஆஸ்பத்திரி எப்பவோ மூடியாச்சு. இப்ப ரெஸ்டாரண்ட் லா!"

அமலாவும் ரகுபதியும் ஒருவர் பேச்சை ஒருவர் மிதித்துக்கொண்டு நின்றார்கள். இன்று அவர்களுக்கு ஐம்பதாவது கல்யாண நாள். மகள் யாமினி உள்ளே மேசை பிடித்து வைத்திருந்தாள். வெள்ளைக்காரர் காலத்தில் கன்னியாஸ்திரிகள் கட்டிய கட்டடம் அது. முன்பக்கம் கான்வென்ட், பின்பக்கம் அவர்களே நடத்திய ஆஸ்பத்திரி; இரண்டையும் மூடிப் பல வருஷமாகிவிட்டது. கல்யாணத்துக்கு முன் அமலா அந்தக் கான்வென்டில்தான் டீச்சர். மரப்படிகளையும் வண்ணக் கண்ணாடி பதித்த மாதா கோயிலையும் இந்த மனிதருக்கு ஒருதரம் காட்டிவிட வேண்டுமென்பது அவளுடைய வெகுநாள் ஆசை. அவரோ பின்வாசலோடு நின்றுவிட்டார்.

"சின்ன வயசுல டைஃபாய்டு வந்து இங்கதான் கிடந்தேன். வீட்டுக்கு அனுப்பின அன்னைக்கு அம்மா சொன்னாங்க: 'நர்ஸம்மாகிட்ட வரேன்னு சொல்லிடாதேடா. ஆஸ்பத்திரியில அந்த வார்த்தை ஆகாது. திரும்பியும் பார்க்காதே.' அன்னைக்கு இந்த கேட்டைத் தாண்டினவன்தான்."

மாமியார் வார்த்தையை அமலா ஒருநாளும் ஜெயித்ததில்லை. அவர் போய்ச் சேர்ந்த பிறகும்தான். கொஞ்சம் யோசித்தாள்.

"எந்த கேட்டு?"

"இதோ, இதுதான்."

"அப்ப முன்வாசல்?"

"அதுக்குள்ள என்னை யார் விட்டா? உன்னைப் பார்க்க வந்து மரத்தடியிலே காய்ஞ்சேன். அந்த வாசல் சிஸ்டர் சின்ன ஜன்னலைத் திறந்து, 'ஆம்பளைங்க வெளியே!'ன்னுட்டு படார்னு சாத்துவாங்க."

"அந்த வாசல் பத்தி அத்தை ஒண்ணும் சொல்லலையே. வாங்க!"

கையைப் பிடித்து மூலை திரும்பி முன்வாசலுக்கு அழைத்துப் போனாள். சிஸ்டரின் ஜன்னல் சாத்தியபடி அப்படியே இருந்தது. ரகுபதி அதை ஓரக்கண்ணால் பார்த்தார். யாரும் திறக்கவில்லை. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பெண் பார்க்கப் போகிறவர்போல வலது காலை எடுத்து வைத்தார்.

மீன் குழம்பை இரண்டாவது முறை கேட்டு வாங்கினார். பிறகு அமலா கோயிலுக்குள் கூட்டிப் போனாள். அவருடைய வெள்ளைச் சட்டையில் நீலமும் சிவப்பும் விழுந்தன.

"இவ்வளவு அழகை உள்ள வெச்சுக்கிட்டா என்னை வெயில்ல நிக்க விட்டே?"

"விட்டிருந்தா கட்டியிருப்பீங்களா? தினமும் இங்கயே வந்து உக்காந்திருப்பீங்க."

யாமினி சிரித்தாள். அமலாவுக்கு மனசு நிறைந்துவிட்டது.

வெளியே வந்து டாக்ஸிக்கு நிற்கும்போது பக்கத்தில் அவரைக் காணோம். திரும்பிப் பார்த்தாள். முன்வாசலில், அந்தச் சாத்திய ஜன்னலை விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், போயிட்டு வரேன்."