விளக்குகள் அணைக்கப்படும்

கம்ப்யூட்டருக்குக் காது கேக்கலை. அதுதான் சமாசாரம். ரெக்கார்டு சுத்தறது, முள் ஓடறது, ஹெட்போன்ல எனக்கு வார்த்தை வார்த்தையாக் கேக்கறது. ஆனா லாப்டாப்புல பதிவு பண்ணினதைத் திருப்பிப் போட்டா, அப்பளம் பொரிக்கற சத்தம்தான் இருக்கு. மனுஷக் குரலைக் காணோம்.

நான் டெலிபோன் டிபார்ட்மெண்ட்ல வேலை பார்த்து ரிடையர் ஆனவ. ஒயர்னா எனக்கு பயம் கிடையாது. மயூர் விஹார்ல எங்க சொசைட்டியில பாதி ஆத்துக்கு காலிங்பெல் ரிப்பேர் பண்ணிக் குடுத்தது அம்புஜம் மாமிதான். அப்பேர்ப்பட்டவளை ஒரு பெட்டி முட்டாளாக்கினா எப்படி இருக்கும்? பத்திண்டு வந்தது.

பதிவு பண்ண நெனச்சது பாட்டு கீட்டு இல்லை. எங்காத்துக்காரர் குரல். அவர் பேர் கோபாலன். இப்பல்லாம் சொல்றேன், அப்போ சொல்ல மாட்டேன். போன வருஷம் அவருக்கு ஸ்ட்ரோக் வந்து, வலது கையும் பேச்சும் ஒரே நாள்ல போயிடுத்து. கண்ணு பாக்கும், தலை ஆட்டுவார், வாய் திறந்தா காத்துதான் வரும். பேச்சு சொல்லித்தர வர பொண்ணு, ஹிந்திக்காரி, தங்கமான பொண்ணு, ஒவ்வொரு தடவையும் எங்கிட்ட சொல்லுவா: "ஆன்ட்டிஜி, அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கோ. தன் பேரைக் கேட்டா மனுஷன் இருக்கற எடத்துல நிப்பான்." எனக்கு அது வராது. கல்யாணமான நாள்லேர்ந்து 'ஏன்னா'தான். ஆஸ்பத்திரியில பேஷன்ட் பேர் என்னன்னு கேட்டதுக்கே ஆதார் கார்டை எடுத்து நீட்டினவ நான். "பேர்தானேம்மா, வெடிகுண்டா?"ன்னு சிரிப்பா எங்க பொண்ணு ஜ்யோத்ஸ்னா. அவளுக்கென்ன, ஆம்படையானை வாடா போடாங்கறவ.

அந்த ரெக்கார்டைப் பரண்ல பார்த்தவளும் அவதான். இவர் கல்யாணத்துக்கு முன்னாடி டில்லித் தமிழ்க்காரா போடற நாடகத்துக்கெல்லாம் அறிவிப்பு சொல்லுவார். நல்ல கட்டைக் குரல். கரோல்பாக்ல ஒரு சிநேகிதன் பேசப் பேச ரெக்கார்டுத் தட்டுல நேரடியா வெட்டிப் பதியற மிஷின் வெச்சிருந்தானாம். ஒரு பக்கத்துல மட்டும் இவர் பேசி வெட்டிக் குடுத்திருக்கான். "வணக்கம். சற்று நேரத்தில் நாடகம் துவங்கும். அரங்கின் விளக்குகள் அணைக்கப்படும். அனைவரும் அவரவர் இடத்திலேயே அமர்ந்திருக்கும்படிக் கேட்டுக்கொள்கிறோம். குழந்தைகளை நடைவழியில் விட வேண்டாம்." அவ்வளவுதான் அதுல. நாடகம் முடிஞ்சு விளக்கைப் போடச் சொல்றது கிடையாது. அதை மேடை ஓரத்துல நின்னு நேர்லயே சொல்லிடுவாராம்.

எழுபது பூர்த்திக்கு பீமரத சாந்தி பண்றோமில்லையா, அன்னிக்கு எல்லாருக்கும் போட்டுக் காட்டணும்னு ஜ்யோத்ஸ்னாவுக்கு ஆசை. எனக்கு ஆசை வேற. அந்தக் குரல் உலகத்துல வேற எங்கேயும் இல்லை. தட்டோ தேய்ஞ்சு கெடக்கு. அது போறதுக்குள்ள கெட்டியா ஒரு எடத்துல வெச்சுடணும். அதுக்குத்தான் இவ்வளவு பாடும்.

பிளேயரை ஜ்யோத்ஸ்னா ஆன்லைன்ல வாங்கி அனுப்பிச்சா. முள் இருக்கற தலையை மட்டும் தனியா மாட்டணும். பின்னாடி நாலு பொடி ஒயர், நாலு கலர். நானே மாட்டினேன். பக்கத்தாத்து ஷர்மாஜி "நான் வரட்டுமா பஹன்ஜி"ன்னு வந்ததுக்கு, "நீங்க போய் டீ குடிங்கோ"ன்னு அனுப்பிச்சுட்டேன்.

மத்தியானம் சாப்பாடு ஆனப்புறம் உக்காருவேன். அவர் ஹால்ல, பால்கனிக் கதவு பக்கத்துல வெய்யில்ல சாய்வு நாற்காலியில இருப்பார். நான் உள் ரூம்ல. ஹெட்போன் மாட்டினா அவர் குரல் வரும். ஆனா அதுல ஒண்ணு எனக்குப் பிடிக்கலை. இடது காதுலயும் இல்லை, வலது காதுலயும் இல்லை. பின்னந்தலைக்குப் பின்னாடி நின்னுண்டு பேசற மாதிரி இருந்தது. ரெண்டு தடவை திரும்பிக்கூடப் பார்த்தேன்.

கம்ப்யூட்டரை என்னல்லாம் பண்ணணுமோ பண்ணினேன். சத்தத்தை ஏத்தினேன். ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகினேன். மைக்குக்கு அனுமதி இருக்கான்னு பார்த்தேன், இருந்தது. பழைய தட்டு ஒத்தைத் தடத்துலதான் இருக்கும், அதனால மோனோன்னு வெச்சுப் பதியணும்னு யாரோ இன்டர்நெட்ல எழுதியிருந்தான், அதையும் பண்ணினேன். ஊஹும். வேற ஒரு சினிமாப் பாட்டு ரெக்கார்டைப் போட்டுப் பார்த்தேன். பதிவைத் திருப்பினா வயலின் வரது, தபலா வரது, பாடறவளைக் காணோம்! யாரோ அவளை மட்டும் கையைப் பிடிச்சு வெளியில அழைச்சுண்டு போயிட்டா.

அப்பறம் ஒரு தடவை, ஒயரைச் சரி பண்ண ஹெட்போனைக் கழட்டிக் கீழ வெச்சேன். தட்டு ஓடிண்டிருந்தது. ஹால்லேர்ந்து, "...அவரவர் இடத்திலேயே அமர்ந்திருக்கும்படி..."

ஓடினேன். இவர் பால்கனியைப் பார்த்துண்டு உக்காந்திருக்கார். வாய் அசையறது. குரல் வரது! இருபத்தஞ்சு வயசுக் குரல் இல்லை, இப்பத்திய குரல், கரகரத்துப் போன குரல், ஆனா அவர் குரல். "குழந்தைகளை நடைவழியில் விட வேண்டாம்"னார். உள்ள முள் தட்டோட கடைசிக்கு வந்து டக்குனு நின்னது. இவரும் நிறுத்தினார். அப்பறம் மெதுவா என் பக்கம் திரும்பி, "அம்பு, காப்பி"ன்னார்.

அழுதேன். வெக்கமில்லாம அழுதேன். காப்பி போட்டுக் கொண்டு வந்தேன், ஒரு வாய் குடிச்சுட்டு, "சக்கரை"ன்னார். போடலை, அழற அவசரத்துல மறந்துட்டேன். ஒரு வருஷமா காத்திருந்து வாயைத் திறந்தா குத்தம் சொல்லத்தான் திறக்கறது பாரு மனுஷன்!

அதுக்கப்பறம் தினம் மத்தியானம் அதுதான் எங்க வைத்தியம். நான் உள்ள தட்டைப் போடுவேன், கம்ப்யூட்டர்ல ஒண்ணும் ஏறாது, இவர் ஹால்ல பேசுவார். தட்டு முடிஞ்சப்பறம் சொந்தமா ரெண்டு வார்த்தை வரும். அடுத்த நாள் நாலு. "இன்னிக்கு வெய்யில் ஜாஸ்தி"ன்னார் ஒரு நாள். "உனக்கு முட்டி வலிக்கறதா"ன்னு கேட்டார் ஒரு நாள். தட்டைத் தொடாத அன்னிக்குப் பேச்சே கிடையாது. இது எப்படின்னு நான் கேக்கலை. கேட்டாப் போயிடுமோன்னு பயம். கம்ப்யூட்டர்ல ஏறாத குரல் எங்கேயோ போகணுமே, இவர்கிட்ட போறது, போகட்டும்னு விட்டுட்டேன்.

சனிக்கிழமை ஜ்யோத்ஸ்னா குர்காவ்ன்லேர்ந்து வந்தா. அப்பா "வா ஜ்யோ"ன்னதைக் கேட்டு அவர் மடியில தலையை வெச்சுண்டு ஒரே அழுகை. எல்லாத்தையும் சொன்னேன். "வாவ் அம்மா, தெரபிக்கு மேல தெரபி!"ன்னா. அதோட விட்டாளா? "ஆனா ரெக்கார்டிங் வரலையே. நான் பாக்கறேன்"ன்னு உள்ள போயிட்டா.

"வேண்டாம்டி, அப்படியே இருக்கட்டும்."

"ஏன்?"

ஏன்னு என்ன சொல்வேன்? இன்ஜினியர் பொண்ணுகிட்ட, கம்ப்யூட்டர்ல ஏறினா உங்கப்பாகிட்டேர்ந்து எறங்கிடும்னு சொல்ல முடியுமா? "தட்டு தேய்ஞ்சுடும்"னேன். "அதுக்குத்தானே ஜல்தி பண்ணணும்"னா அவ. நியாயம்தானே. நான் சமையலறைக்குப் போயிட்டேன். அடுப்புல பால். அந்த ரூம்லயே நின்னிருக்கணும் நான், அவ பக்கத்துல. நிக்கலை.

கொஞ்ச நாழியில ஒரே சிரிப்பு. "அம்மா! சிவப்பையும் பச்சையையும் மாத்திச் சொருகியிருக்கே! ஒரு பக்கம் ஏறும்போது இன்னொரு பக்கம் எறங்கறது. கம்ப்யூட்டர் சேக்கறச்சே ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தின்னுடறது. நடுவுல இருக்கற குரல் பூஜ்யம் ஆயிடறது. சிம்பிள்!" சிம்பிளாம். பால் பொங்கி அடுப்புல வழியறது, நான் பாத்துண்டு நிக்கறேன்.

லாப்டாப்லேர்ந்து பெரிசா, ஸ்பஷ்டமா, அந்த நாள் குரல் கேட்டது. "வணக்கம். சற்று நேரத்தில் நாடகம் துவங்கும்..."

ஹாலுக்கு ஓடினேன். இவர் வாய் அசைஞ்சது. சத்தம் இல்லை. அசைஞ்சது, அசைஞ்சது, "விளக்குகள் அணைக்கப்படும்"னு உள்ள கம்ப்யூட்டர் சொல்லித்து, இவர் வாயை மூடிண்டார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சொல்லப் போறதில்லை.

ஜ்யோத்ஸ்னாவுக்கு ஒண்ணும் தெரியலை. அப்பாவுக்கு அசதின்னு நெனச்சா. பதிவை சேவ் பண்ணினா, லாப்டாப்பைப் பட்டுனு மூடினா, "சேஃபா இருக்கும்மா, இனிமே தொலையாது"ன்னு என்னைக் கட்டிண்டா. மெட்ரோ பிடிச்சுப் போயிட்டா.

ஞாயித்துக்கிழமை இவர் பேசலை. திங்கள்கிழமை பேசலை. பேச்சுப் பொண்ணு வந்து மண்டையை ஒடச்சிண்டா. மத்தியானம் நான் கண்ணாடியை மாட்டிண்டு, சிவப்பையும் பச்சையையும் பழையபடி தப்பாவே மாத்திச் சொருகினேன். தப்பைத் தேடித் தேடிப் பண்ணினேன். தட்டைப் போட்டேன். ஹெட்போன்ல அப்பளம் பொரியற சத்தம். அவ்வளவுதான். ஒயரை நேராக்கினேன். அப்பவும் அதே. முள்ளைத் தூக்கி முதல்லேர்ந்து வெச்சேன், முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை இல்லை. தேய்ஞ்ச தட்டுன்னா லேசாவாவது கேக்கும். இது வழிச்சு எடுத்த பாத்திரம். ஹாலை எட்டிப் பார்த்தேன். இவர் வாய் அசையக்கூட இல்லை.

எனக்கு வந்ததே கோபம்! தட்டை நிறுத்தினேன். லாப்டாப்பைத் திறந்தேன். சனிக்கிழமை மூடினது, அதுக்கப்பறம் அப்பத்தான் திறக்கறேன். ஹெட்போனை அதுல சொருகி அந்தப் பதிவைப் போட்டேன். இருந்தது, முழுசா, ஒரு கரகர இல்லாம. "...நடைவழியில் விட வேண்டாம்." முடிஞ்சுது. திரையில, சத்தத்துக்குத் தகுந்தாப்பல துள்ளிண்டிருந்த கோடு நேரா நின்னுது.

நாசமாப் போற பெட்டி. எங்காத்து மனுஷனை எடுத்துண்டு நாடகம் துவங்கும்னா சொல்றே? அந்தக் கோபத்துல, அந்த துக்கத்துல, வாய்ல வராததெல்லாம் வந்துடுத்து. "கோபாலன்!"னு கத்தினேன். என் வாழ்க்கையிலேயே முதல் தடவை. "கோபாலன்! எங்கே இருக்கேள்?"

நேரா நின்ன கோடு துள்ளித்து.

"இங்கேதான் இருக்கேன்," அப்படீன்னார் என் காதுல. இருபத்தஞ்சு வயசுக் குரல் இல்லை. இப்பத்திய குரல், சக்கரை கேட்ட குரல். "எவ்வளவு நாழியா உக்காந்திருக்கேன். எழுந்திருக்கக் கூடாதுன்னு அறிவிப்பு ஆச்சே. லைட்டைப் போடு, அம்பு. ஒரே இருட்டு."

ஹெட்போன் ஒயர் நீளம், இழுத்துண்டே வாசப்படி வரைக்கும் போனேன். ஹால்ல மத்தியான வெய்யில் தரை பூரா கொட்டிக் கெடக்கு. அதுக்கு நடுவுல இவர் நாற்காலியில என்னையே பார்த்துண்டு உக்காந்திருக்கார். வாய் மூடித்தான் இருந்தது.

அன்னிக்கே அந்தப் பேச்சுப் பொண்ணு சொன்ன மாதிரி பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தா, நம்மாத்து நாற்காலியிலேயே தங்கியிருப்பாரோ என்னமோ. இப்போ கூப்பிடறேன், நிமிஷத்துக்கு ஒரு தடவை. நன்னாப் பதில் சொல்றார். ஆனா அங்கேர்ந்து.

ட்யூப் லைட்டைப் போட்டேன். சமையலறை லைட், பாத்ரூம் லைட், பால்கனி லைட், எல்லாத்தையும் போட்டேன். பெருமாள் விளக்கை ஏத்தினேன். ஜ்யோத்ஸ்னா வாங்கிக் குடுத்த டார்ச்சை லாப்டாப் திரைக்கு நேரா பிடிச்சேன். வெளிச்சம் தெறிச்சு ஹாலுக்குப் போய் இவர் முகத்துல விழுந்தது. கண்ணு கூசறதுன்னு இடது கையால மறைச்சுண்டார்.

காதுல, "போட்டியா அம்பு?"ன்னு கேட்டார்.