அறுபத்தொன்றாம் டோக்கன்

அந்தத் தனியார் பொறியியல் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அலுவலகத்தில் அவருக்கு இரண்டு பெயர்கள். முகத்துக்கு நேரே 'சார்'. முதுகுக்குப் பின்னால் 'மூணு சீட்டு'. எந்தப் பெற்றோர் வந்து எந்தப் பாடப்பிரிவைக் கேட்டாலும், கணினித் திரையை ஒருமுறை எட்டிப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், "இன்னும் மூணு சீட்டுதாங்க இருக்கு" என்பார். திரையில் அறுபது இருக்கும். இருந்தால் என்ன, அறுபதுக்குள் மூன்றும் அடக்கம்தானே. பொய் சொன்னார் என்று யாரும் கையைப் பிடிக்க முடியாது.

பதின்மூன்று வருட அனுபவம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவரும் அவர்தான். அப்பாவின் கண்ணைப் பார்த்துப் பேசு, அம்மாவுக்குத் தண்ணீர் கொடு, பிள்ளை கையில் வழவழவென்றிருக்கும் படப் புத்தகத்தைத் திணி. பிள்ளையிடம் மட்டும் எதையும் கேட்டுவிடாதே. கேட்டால் அது ஏதாவது பதில் சொல்லித் தொலைக்கும். அப்பா முகம் மாறும். அம்மா "வீட்டுக்குப் போய் யோசிச்சிட்டு வர்றோம்" என்பாள். யோசிக்கப் போன குடும்பம் திரும்பி வந்ததாகச் சரித்திரமே கிடையாது. நேரே எதிர்த்த கல்லூரி வாசலில்தான் போய் நிற்கும்.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு வாய்த்த ஒரே மகள், சிவில்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

இரண்டு மாதமாக வீட்டில் இதே பாட்டு. "இன்னைக்குத் தேதிக்குக் கம்ப்யூட்டர்தான்..." என்று அவர் ஆரம்பித்தால், "...கண்ண மூடிட்டு சேருங்க, நாலு வருஷம் கழிச்சு எனக்கு நன்றி சொல்லுவீங்க" என்று அவள் முடிப்பாள். அவர் போனில் பேசுவதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவள். அவருடைய வசனம் அத்தனையும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

"நான் ஒண்ணும் உங்க வாடிக்கையாளர் இல்லப்பா" என்றாள் ஒருநாள்.

"ரெண்டு பேரும் எதையாவது படிங்க, எக்கேடும் கெட்டுப் போங்க. சாப்பாடு ஆறுது" என்றாள் அம்மா. மருந்துக்கடையில் நாளெல்லாம் டாக்டர்களின் கிறுக்கலைப் படித்துவிட்டு வருகிறவள், அவளுக்கு இதற்கெல்லாம் பொறுமை கிடையாது.

ஏன் சிவில் என்று மட்டும் அவர் ஒருநாளும் கேட்கவில்லை. தொழில் புத்தி வீட்டிலும் விடவில்லை. ஆனாலும் பெற்ற மனம்தானே. பேச்சுவார்த்தை அற்றுப்போய், மகள் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போகத் தொடங்கிய மூன்றாம் நாள் காலையில் அவர் இறங்கி வந்தார். "சரி, சிவில்லயே சேரு. வாக்குக் குடுக்கிறேன், போதுமா?" என்றார்.

"நான் சாட்சி. நாளைக்கு மாத்திப் பேசினீங்கன்னா தெரியும்" என்றாள் மனைவி. மகள் தட்டை எடுத்துக்கொண்டு திரும்ப வந்து அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

சேர்க்கையின் கடைசி நாள் வந்தது. சொந்தப் பிள்ளையின் படிவத்தை ஊழியர் தொடக்கூடாது என்பது அலுவலக விதி. அதனால் அன்று விடுப்புப் போட்டுவிட்டு, தேய்த்த சட்டையோடு, மனைவி மகளோடு, அறுபத்தொன்றாம் டோக்கனைக் கையில் பிடித்துக்கொண்டு பெற்றோர் வரிசையில் உட்கார்ந்தார். அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. சாய்ந்தால் வழுக்கியது, நிமிர்ந்தால் இடுப்பைப் பிடித்தது. இதிலா மனிதர்களை இரண்டு மணி நேரம் உட்கார வைக்கிறோம் என்று வெட்கமாகக்கூட இருந்தது.

நான்காம் மேஜைக்கு அழைத்தார்கள். அங்கே இருந்தது இரண்டு மாதத்துக்கு முன் சேர்ந்த பெண். அவருடைய சிஷ்யை. குருநாதரே பெற்றோராக வந்து எதிரில் உட்கார்ந்தால் பாவம் அவள் என்ன செய்வாள்? அவர் சொல்லிக் கொடுத்ததை அச்சுப் பிசகாமல் செய்தாள். அவர் கண்ணைப் பார்த்து, "வாங்க சார், நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று தெரியாதவள் போலக் கேட்டாள். அவர் மனைவிக்குத் தண்ணீர் கொடுத்தாள். மகள் கையில் படப் புத்தகத்தைத் திணித்தாள். அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

"அந்தப் படிவத்தைக் குடும்மா, நானே எழுதிடறேன். நீ எழுதி முடிக்கிறதுக்குள்ள விடிஞ்சிடும்" என்று வாங்கினார். மறந்தே போனார் விதியை. பெயர், பிறந்த தேதி, மதிப்பெண், பாடப்பிரிவு, முகவரி. கை பாட்டுக்கு ஓடியது. வாயோ அந்தப் பெண்ணின் தண்ணீர் கொடுக்கும் நேர்த்தியைப் பாராட்டிக்கொண்டிருந்தது. அவள் தட்டச்சு செய்து முடித்து, அவரை மட்டும் பார்த்து, "எல்லாம் சரியா சார்?" என்றாள்.

"சரியா இல்லாம? எழுதினது யாரு?"

அவள் பொத்தானை அழுத்தினாள். அச்சு இயந்திரம் ஒரு தாளைத் துப்பியது. மகள்தான் முதலில் எடுத்துப் பார்த்தாள். பாடப்பிரிவு: கணினிப் பொறியியல்.

அவள் அழவில்லை, கத்தவில்லை. தாளை அவர் முன்னால் வைத்து, அவர் போனில் பேசும் அதே குரலில், "வாழ்த்துக்கள் சார். ரொம்ப நல்ல முடிவு எடுத்திருக்கீங்க" என்றாள்.

அவர் தாளைப் பிடுங்கிப் பார்த்தார். "ஐயோ, நான் வேணும்னு எழுதலம்மா. கை... கை பாட்டுக்கு எழுதிடுச்சு" என்றார்.

"கை எழுதும்போது நீங்க எங்க போயிருந்தீங்க?" என்றாள் மனைவி. சாட்சிக்காரியின் பார்வை சட்டையைத் தாண்டிச் சுட்டது. யார்தான் நம்புவார்கள்? இரண்டு மாதம் கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர் என்று ஜபித்தவர், கடைசி நாளில் கை தவறியது என்றால் அவரே நம்பியிருக்க மாட்டார்.

"மாத்திடும்மா" என்றார் சிஷ்யையிடம்.

"பூட்டிடுச்சு சார். பிரிவை மாத்தணும்னா மாணவரே கைப்பட விண்ணப்பம் எழுதி, இயக்குநரைத் தனியாப் பார்த்துக் காரணம் சொல்லணும். பெற்றோருக்கு அனுமதி இல்ல. நீங்க எழுதின விதிதான் சார்." அவள் திரையை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். "அப்புறம் இன்னொண்ணு. சிவில்ல மூணு சீட்டுதான் சார் இருக்கு."

"என்கிட்டயேவா?"

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். மொத்தமே முப்பது இடம் உள்ள பிரிவு. நிஜமாகவே மூன்று என்றிருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இரண்டானது. எத்தனையோ அப்பாக்களுக்கு அவர் காட்டிய பயம், அன்று அவருக்கே திரும்பி வந்தது.

மகள் ஒரு வெள்ளைத் தாளை வாங்கி, மேஜை ஓரத்தில் நின்றபடியே எழுதினாள். இயக்குநர் அம்மையாரின் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனாள். அந்த அம்மையார் சிரித்ததைப் பார்த்தவர் அலுவலகத்தில் இல்லை. இயக்குநர் என்ற பேரைக் கேட்டாலே பிள்ளைகள் பயந்து, கொடுத்த பிரிவில் பேசாமல் படிப்பார்கள் என்றுதான் அவர் அந்த விதியையே எழுதினார். விதி வந்த மூன்று வருடத்தில் அந்தக் கதவைத் தட்டிய முதல் ஆள் அவர் மகள்.

ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து நிமிடம் ஆயிற்று. இருப்புக் கொள்ளாமல் எழுந்து நடந்தார். இரண்டாம் மேஜையில் ஒரு குடும்பம் சிவிலா எலக்ட்ரிகலா என்று இழுத்துக்கொண்டிருந்தது. அங்கிருந்த ஊழியர் அப்பாவின் கண்ணை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. நம் சார் நேரே போய், படப் புத்தகத்தில் மூழ்கியிருந்த பையனிடம், "தம்பி, உனக்கு என்ன படிக்கணும்?" என்று கேட்டார். எலக்ட்ரிகல் என்று சொல்லித் தொலையேன்டா என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டார். அதை மறைப்பானேன்.

பையன் கேள்வி தனக்குத்தானா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, "சிவில் சார். பாலம் கட்டணும்" என்றான். முகம் மலர்ந்துவிட்டது.

"நீ சொல்லவே இல்லையேடா" என்றார் அவன் அப்பா.

"நீங்க கேக்கவே இல்லையேப்பா."

சார் "நல்லாப் படிப்பா" என்று பையன் தோளைத் தட்டிவிட்டு வந்தார். திரையில் இரண்டு ஒன்றானது. மனைவி பார்த்துக்கொண்டேயிருந்தாள். தான் குடிக்காமல் வைத்திருந்த தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

கதவு திறந்தது. மகள் வந்தாள், பின்னாலேயே இயக்குநரும் வந்தார். கையில் மகள் எழுதிய விண்ணப்பம், ஓரத்தில் பச்சை மையில் கையெழுத்து.

"நீங்க எழுதின விதி நல்ல விதி சார்" என்றார் இயக்குநர். "இருபது நிமிஷம் பேசினா உங்க பொண்ணு. பஸ் நிறுத்தத்துல ஏன் தண்ணி தேங்குதுன்னு படம் போட்டே காட்டிட்டா. நம்ம மாடிப்படியில ஏழாவது படி மட்டும் அரை அங்குலம் உயரமாம். உங்க கூட ஆபீசுக்கு வந்தப்ப, பத்து வயசுலயே அளந்து வச்சிருக்கா. அதான் எல்லாரும் அங்க தடுக்கறோம்."

சொல்லிவிட்டு அந்த அம்மையார் சிரித்தார். அலுவலகமே தலையைத் தூக்கிப் பார்த்தது. அந்தப் படியில் பதின்மூன்று வருடமாகத் தடுக்கி, செருப்பை மாற்றி மாற்றி வாங்கியவர் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"சீக்கிரம் வாங்க, யாராவது அமுக்கிடுவாங்க" என்றாள் நான்காம் மேஜைப் பெண், கணினியின் மவுஸ் மேல் விரலை வைத்தபடி. அவரைப் பார்க்கவில்லை. நேராக மகளைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க. என்ன பிரிவு?" என்று கேட்டாள்.

"சிவில்."

திரையில் ஒன்று பூஜ்யமானது. மகள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"கோப்புல வைக்கணும், சரிபாருங்க சார்" என்று இயக்குநர் விண்ணப்பத்தை அவரிடம் நீட்டினார். பயந்துகொண்டேதான் வாங்கினார். 'பிரிவு மாற்றத்துக்கான காரணம்' என்று தலைப்பிட்டு, அதன் கீழே அவள் எழுதியிருந்தாள்:

'படிவத்தில் கணினிப் பொறியியல் என்று எழுதியது என் அப்பாவின் கை. பதின்மூன்று வருடமாக மற்றவர் பிள்ளைகளுக்கு அதையே எழுதிப் பழகிய கை. சிவிலில் சேர்ப்பதாக அப்பா எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். என் அப்பா வாக்கு மாறுகிறவர் இல்லை.'

அவரை நம்பி இப்படி ஒரு வாக்கியத்தை இதுவரை யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. இரண்டாம் முறை படிக்கும்போது எழுத்துகள் கலங்கிவிட்டன.

"கோபமா இருந்தியேம்மா" என்றார்.

"கோபம்தான். அதுக்காக உண்மையை மாத்தி எழுத முடியுமா?" என்றாள் மகள். "எந்திரிங்கப்பா. பின்னாடி ஆள் நிக்கிறாங்க."

அவர் எழுந்து, நகல் எடுக்கும் இயந்திரத்தைத் தேடிப் போனார். அசலைக் கோப்புக்குக் கொடுத்துவிட்டு, நகலை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.