காவல் கட்டும் லட்டிமர் துரையும்

அறுப்பு முடிந்து மூன்று நாளாகியும் வயல் நடுவே ஒரே ஒரு கோதுமைக் கட்டு நின்றது. இங்கிலாந்தில் சஃபோக் பக்கத்தில் அதைக் காவல் கட்டு என்பார்கள். அது நிற்கும்வரை சிந்திய கதிரைப் பொறுக்க ஒருத்தியும் உள்ளே கால் வைக்கக்கூடாது. யார் கை அதை வெளியே எடுத்தாலும் வயல் திறந்ததாகக் கணக்கு. அப்புறம் அடைக்க வழக்கமில்லை.

பண்ணைக்காரர் காராட் அதை எப்போதோ எடுத்திருப்பார். லண்டனிலிருந்து வந்த ஓவியர் லட்டிமர்தான், அவருடைய காளையை வரைந்து தருவதாகச் சொல்லித் தடுத்துவிட்டார். வேலிக்கு வெளியே காத்துக் கிடக்கும் ஏழைப் பெண்கள் அவர் படத்துக்கு வேண்டுமாம். மனுஷன் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து மூன்று நாளாக நீர்வண்ணத்தைக் குழப்பிக்கொண்டிருந்தார்.

வேலியோரம் காத்து நின்றவர்களில் ஒருத்தியான கெசியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புருஷன் போய்ச் சேர்ந்து எட்டு மாதம். நாலு பிள்ளைகளின் குளிர்கால ரொட்டி அந்த வயலில்தான் கிடந்தது. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை விழுந்தால் கதிரெல்லாம் முளைவிட்டுப் பாழ்.

"என்ன பொறுமை உங்க முகத்துல!" என்று உருகினார் லட்டிமர்.

கெசியா எட்டிப் படத்தைப் பார்த்தாள். அவள் நின்ற இடத்தில் பழுப்பாக ஒரு திட்டு. மூக்கும் இல்லை, முழியும் இல்லை. தூ, இந்தக் கண்றாவிக்கா மூன்று நாள்?

"நல்லா இருக்குங்கய்யா. ஆனா கட்டு எங்கேயோ தூரத்துல கிடக்கே. இப்படி எங்க பக்கத்துல இருந்தா எடுப்பா இருக்குமில்ல?"

"அட, சரியாச் சொன்னே! போய் எடுத்துட்டு வா."

"ஐயோ, நாங்க தொடக்கூடாதுங்க. உங்கள மாதிரி பெரியவங்க எடுத்தாத்தான் சரி."

புகழ்ச்சிக்கு மயங்காத மடையன் உண்டா? லட்டிமர் கோட்டைக் கழற்றிவிட்டுப் போய், கட்டைக் கட்டிப்பிடித்துத் தூக்கி, தும்மிக்கொண்டே வேலிக்கு வெளியே கொண்டுவந்து போட்டார்.

"திறந்தாச்சுடீ!" என்று கத்தினாள் கெசியா. இருபது பெண்களும் அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு வயலுக்குள் பாய்ந்தார்கள்.

"நில்லுங்க! பழையபடி நில்லுங்க!" அவர் கத்தலை யார் சட்டை செய்தார்கள்?

காராட் மூச்சிரைக்க ஓடிவந்தார். "எவடி கட்டை எடுத்தவ?"

"எவளும் இல்ல. உங்க துரைதான், அந்தச் சட்டையைப் பாருங்க," என்றாள் கெசியா.

சட்டையெல்லாம் வைக்கோல். காராட் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிப் போனார்.

மழை தொடங்கியபோது கெசியாவிடம் தலைச்சுமைக்கு ஒரு பெரிய மூட்டை சேர்ந்திருந்தது.

"உன் சால்வையைக் குடு! படம் கரையுது!" என்று கெஞ்சினார் லட்டிமர்.

கெசியா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சால்வையை அவிழ்த்து உதறி, மூட்டையின் மேல் போர்த்தி இறுக்கினாள்.

"கோதுமை நனையக்கூடாதுங்க," என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.