உலைக்கேற்ற வீடு

பைன் ஷாஃப்ட் ஊரின் மேட்டுத் தெருவில் கடைசியாக நிற்கும் லெம்பி கொக்கோவின் வீடு ஆண்டுதோறும் நவம்பரில் பாதியாகச் சுருங்கும். ஏப்ரலில் பனி உருகியதும் பழைய அளவுக்கு வந்துவிடும். முதல் தடவை அது நடந்தபோது ஊரில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. அந்த ஊரில் வீடுகள் ஒழுங்காக ஓரிடத்தில் நின்றதாகச் சரித்திரமே கிடையாது. தாமிரத்துக்காக பூமியைக் குடைந்து தள்ளிவிட்டு சுரங்கக் கம்பெனி நடையைக் கட்டியதிலிருந்து, ஒருவர் வீட்டுப் படிக்கட்டு பக்கத்து வீட்டு வாசலில் போய் நிற்பதும், கோழிக்கூண்டு கோழிகளோடு பூமிக்குள் இறங்கிவிடுவதும், பிறகு அடியிலிருந்து சேவல் கூவுவதும் வாடிக்கைதான். ஆகவே லெம்பியின் வீடு சுருங்கிவிட்டது என்று தபால்காரர் வந்து சொன்னபோது, கடையில் நின்றிருந்தவர்கள் "எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டுவிட்டு உருளைக்கிழங்கு பொறுக்குவதைத் தொடர்ந்தார்கள்.

எல்லாம் ஓர் உலையால் வந்தது. லெம்பியின் அப்பா கல்லே கொக்கோ, சுரங்கம் கொழித்த காலத்தில் நிலவறையில் ஒரு சூட்டு உலையை இறக்கினார். யானைக்குட்டி அளவு இரும்பு வயிறு. அதிலிருந்து எட்டுப் பக்கமும் கிளம்பி, மேலே ஒவ்வொரு அறைத் தரைக்கும் சூட்டை ஏற்றும் தடித்தடி தகரக் குழாய்கள். முதலில் நிலக்கரி தின்றது, பிறகு எண்ணெய் குடித்தது. அப்பா போனார், அம்மா போனாள், உலை போகவில்லை. ஐம்பத்திரண்டு வயதில், பள்ளிக்கூடச் சமையலறையில் கரண்டி பிடித்து சம்பாதித்த லெம்பியின் காசில் பாதியை அதுவே விழுங்கியது. அந்தப் பாதியிலும் பாதி யாருமே உட்காராத ஓர் அறைக்குப் போனது. அந்த ஊரில் சுரங்க வேலைக்கு வந்து குடியேறிய ஃபின்லாந்துக்காரர்கள் வீட்டில் தெருப் பக்கம் ஒரு 'நல்ல அறை' இருக்கும். பாதிரியார் வந்தால் திறப்பார்கள். பெட்டியில் பிணம் கிடத்தினால் திறப்பார்கள். மற்ற நாளெல்லாம் குடும்பம் சமையலறையில்தான் காபியும் கையுமாகக் கிடக்கும். ஆனாலும் குளிர்காலம் முழுக்க அந்த அறையைச் சூடாக வைத்தாக வேண்டும். ஏனென்றால் அதன் ஜன்னலில் பனிப்பூ பூத்துவிட்டால் தெருவுக்கே தெரிந்துவிடும், வீட்டில் எண்ணெய் வாங்க வக்கில்லை என்று. வயிற்றைக் கட்டி, ஆளில்லாத சோபாவைக் குளிர்காய வைத்த ஊர் அது.

ஒரு மார்ச் மாதம் உலையின் வயிறு வெடித்தது. விரிசல் வழியாகப் புகை மேலே ஏறி, லெம்பிக்கும் அவள் தம்பி ரூடிக்கும் தலைவலி மண்டையைப் பிளந்தது. எண்ணெய் ஊற்ற வந்த ஆள் எட்டிப் பார்த்தான். குழாயைத் திருகி மூடி, சிவப்பு அட்டை ஒன்றைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டுப் போனான். இனி அதைக் கொளுத்தினால் குற்றம். அடுத்த குளிர் வருவதற்குள் தகுந்த உலை வைக்காவிட்டால் வீடு குடியிருக்கத் தகுதியற்றது என்று நகரசபை கதவைப் பூட்டும். பனி போகும்வரை அக்காவும் தம்பியும் நிலவறை மூலையில் இருந்த சௌனா என்ற ஆவிக்குளியல் அறையில், அதற்கென்றே இருந்த விறகடுப்பை மூட்டி, வியர்த்துக் குளிக்கும் பலகைகளில் மேலும் கீழுமாகப் படுத்துத் தூங்கினார்கள். லெம்பி பள்ளிக்கூடத்துக்கு தினமும் பளபளவென்று போனாள். என்ன சோப்பு என்று கேட்டவர்களுக்கு, "வறுமை சோப்பு" என்றாள்.

ஜூன் மாதம் டேல் ட்ரெவாரோ வந்தான். ஊரில் உலை விற்கும் ஒரே கடை அவனுடையது. சின்ன வயதில் லெம்பியின் கையால் பட்டாணி சூப் வாங்கிக் குடித்தவன். இப்போது டை கட்டியிருந்தான். அளக்கவில்லை, எண்ணவில்லை; பழைய உலையைப் பார்த்தான், அதைவிடப் பெரிதாக ஒன்றின் படத்தை மேஜைமேல் வைத்தான். நம் பக்கத்துக் கல்யாண வீட்டில் எத்தனை பவுன் என்று கேட்பதுபோல, அந்த ஊரில் யார் வீட்டில் எவ்வளவு பெரிய உலை என்று கேட்கிற வழக்கம் இருந்தது. அதை வளர்த்தவனே அவன்தான்.

"இதுக்குக் கீழ எதுவும் இந்த வீட்டுக்குப் பத்தாது லெம்பிக்கா. ஒரு கையெழுத்துப் போடுங்க போதும். பணத்தைப் பத்தி யோசிக்கவே வேணாம்."

"நீ யோசிச்சு முடிச்சுட்டியாக்கும்? இந்தப் பொடி எழுத்துல என்னடா இருக்கு? வீட்டு மேல அடமானமா?"

"அது சும்மா ஒரு வழக்கம்க்கா."

"மாக்கி வீட்டுக் கதவுல ஒரு பூட்டு தொங்குதே, அதுவும் வழக்கமா?"

மாக்கி குடும்பம் பக்கத்து வீடு. டேலிடம் பெரிய உலை வாங்கி, நாலு தவணை தவறி, மூட்டை முடிச்சோடு டெட்ராய்ட் பஸ் ஏறியவர்கள். உலை மட்டும் பூட்டிய வீட்டுக்குள் புத்தம் புதிதாக உட்கார்ந்திருந்தது. டேல் காபியை அவசரமாகக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டான்.

மறுநாள் லெம்பி அவன் கடைக்கே போய்விட்டாள். பளபளக்கும் பெரிய உலைகளைத் தாண்டி நேராகப் பின்பக்கம் நடந்தாள். அங்கே, பழைய அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே, இடுப்பு உயரத்தில் ஒரு சின்ன உலை. ஒரு பக்கம் நசுங்கியிருந்தது.

"அதுவா? ஏரிக்கரைக் குடிலுக்கு ஒருத்தர் வாங்கி, திருப்பிக் கொடுத்தது. அதை உங்க வீட்டுல வைக்கிறது, பூனைக்குட்டியைக் கட்டித் தாது வண்டி இழுக்கிற மாதிரிக்கா."

"பூனைக்குட்டி என்ன விலை?"

டேல் சொன்னான். லெம்பி நசுங்கல் பக்கம் விரலைக் காட்டினாள். டேல் குறைத்துச் சொன்னான். அவள் பையில் இருந்த டாலர் அத்தனையும் மேஜைக்கு வந்தது. அதற்குமேல் உலகத்தில் அவளுக்கு ஒரு காசு இல்லை.

"என் ஆளுங்க இதை மாட்ட மாட்டாங்க, சொல்லிட்டேன். கடை பேரு கெட்டுடும்."

"உன் ஆளுங்களுக்கு நான் பாயா விரிச்சு வெச்சிருக்கேன்? ரூடி! தூக்குடா."

ரூடி தூக்கினான். ஆறடி நாலங்குல ஆள். சுரங்கத்தில் குழாய் பொருத்திக்கொண்டிருந்து, வேலை போன பிறகு பனி வாரிப் பிழைப்பவன். கோடை முழுக்க பழைய உலையைச் சம்மட்டியால் அடித்து உடைத்தான். இரும்பைப் பழைய சாமான் கடையில் போட்ட காசில் புதுக் குழாய் வந்தது. அக்டோபரில், அட்டை கட்டிய அதே எண்ணெய்க்காரன் வந்து கொளுத்திப் பார்த்தான். நெருப்பு சுத்தம், புகை சுத்தம். சிவப்பு அட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "உலைல ஒரு குறையும் இல்ல. வீடுதான் பெருசு" என்றான்.

அவன் போனதும் லெம்பி நிலவறை நடுவில் நின்றாள். கையில் ஸ்பேனர். தலைக்குமேல் ஓடிய உத்தரத்தில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள்.

"கேட்டுக்கோ. இந்த உலை இனிமே வளரப் போறதில்ல. என் கிட்ட இருந்தது அவ்வளவுதான். அவன் காட்டுற இடத்துல கையெழுத்துப் போட மாட்டேன். இந்த வீட்டை விட்டு வெளியவும் போக மாட்டேன். மிச்சத்தை நீ பாத்துக்கோ."

"யாருகிட்டக்கா பேசுற?" என்றான் ரூடி.

"உன்கிட்ட இல்ல. இந்தா, நீ ஸ்பேனரைத் துடை."

நவம்பரில் முதல் உறைபனி விழுந்த பகலில், லெம்பி சமையலறையில் மீன் செதில் எடுத்துக்கொண்டிருந்தபோது, வீடு சுருங்கியது. சத்தம் பெரிதாக இல்லை. துவைத்துக் காய்ந்த கம்பளியை உதறி மடிப்பது போல ஒரு சத்தம். நல்ல அறைதான் முதலில் மடிந்தது. சோபாவும் அலமாரியும் கல்லே கொக்கோவின் கல்யாணப் படமும் தங்களுக்குள் ஒன்றாக ஒதுங்கிச் சுவருக்குள் போய்விட்டன. தெருப்பக்கச் சுவர் ஒழுங்கு மரியாதையாகப் பின்வாங்கி, நடைக்கூடத்துக்கு முன்னால் வந்து நின்றது. சுவர்த்தாளில் பூத்திருந்த ரோஜாக்கள் நெருக்கம் தாங்காமல் மொட்டுகளாயின. ஏழு ஜன்னல் நாலாயிற்று. ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. சமையலறை மட்டும் ஓர் அங்குலமும் குறையவில்லை. சௌனாவைத் தொட வீட்டுக்கே தைரியம் இல்லை. நிலவறையில் சின்ன உலை, தன் அளவுக்கு வீடு கிடைத்த திருப்தியில், குறட்டை விடாமல் எரிந்தது. சாயங்காலம் ரூடி மாடியிலிருந்து தலையைச் சொறிந்துகொண்டு இறங்கி வந்தான்.

"அக்கா, என் ரூம்ல கட்டில் இருக்கு. ரூம்தான் கம்மியா இருக்கு. காலை நீட்டினா சுவர் இடிக்குது."

"சூடா இருக்கா?"

"நல்லா கதகதன்னு இருக்கு."

"அப்போ காலை மடக்கிக்கோ. வீடே மடங்கியிருக்கு, உனக்கென்ன?"

டிசம்பர் முழுக்கத் தெருவே லெம்பியின் சமையலறையில் காபி குடிக்க வந்தது. வந்தவர்கள் கோட்டைக் கழற்றினார்கள், பிறகு ஸ்வெட்டரைக் கழற்றினார்கள், எண்ணெய்ச் செலவைக் கேட்டார்கள், கேட்டுவிட்டு இன்னொரு ஏலக்காய் ரொட்டியை எடுத்தார்கள். கிறிஸ்துமஸ் கழிந்த கையோடு டேலின் கடைக்கு நாலு பேர் போய், நசுங்கிய சின்ன உலை இருக்கிறதா என்று கேட்டார்கள். டேலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராக நகரசபைக்குப் போய்ப் புகார் கொடுத்தான்: வீடு ஏழு ஜன்னல் வீடு, உலை குடில் உலை, நாளைக்கு இரண்டு பேர் விறைத்துக் கிடந்தால் யார் பதில் சொல்வது? வீட்டைப் பூட்டுங்கள். நகரசபையில் வீடுகளை அளந்து வரி போடுகிற ஸ்டான் ஸ்டுப்நிக்கை அனுப்பினார்கள்.

ஸ்டான் மெதுவான ஆள். பனியில் முழங்கால் புதைய வீட்டைச் சுற்றி மூன்று தடவை நாடா பிடித்தான். பிறகு உள்ளே வந்து காபி கோப்பையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டான்.

"பேப்பர்ல உனக்கு ஏழு ஜன்னல் இருக்கு லெம்பி. இங்க நாலுதான் இருக்கு."

"மிச்சம் மடிச்சு வெச்சிருக்கு. ஏப்ரல்ல வா, எண்ணிக் காட்டுறேன்."

"என்னைப் பொய் எழுதச் சொல்லாதே."

"உன் நாடா என்ன சொல்லுச்சோ அதை எழுது. நாடாவும் என் சொந்தக்காரனா?"

பிப்ரவரியில் நகரசபைக் கூடத்தில் விசாரணை. கூடம் நிரம்பி வழிந்தது. தலைவர் பெத்ரெல்லா, மீசையில் பனி உருகிச் சொட்ட, தீர்ப்பு இன்றைக்கே என்று அறிவித்தார்: உலை பத்தும் என்றால் லெம்பி அங்கேயே இருக்கலாம், பத்தாது என்றால் நாளைக் காலை கதவில் பூட்டு. ரூடி வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தான். லெம்பி பள்ளிக்கூட ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். ஸ்டான் எழுந்து, தான் அளந்த வீட்டுக்கு அந்த உலை சரியாகப் பத்துகிறது என்று படித்துவிட்டு உட்கார்ந்தான். டேல் துள்ளி எழுந்தான்.

"அது குளிர்கால வீடு சார்! சுருங்கின வீட்டை அளந்தா எப்படி? இந்த வீட்டோட உண்மையான அளவு கோடைலதான் தெரியும். ஜூலைல அளந்து பாருங்க. அந்த அளவுக்கு இந்த உலை பாதிகூடப் பத்தாது. இல்லன்னு சொல்லச் சொல்லுங்க பாப்போம்!"

லெம்பி எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, சாப்பாட்டு வரிசையில் தள்ளுமுள்ளு செய்கிற பையனைப் பார்க்கிற மாதிரி அவனைப் பார்த்தாள்.

"பத்தாதுதான். ஜூலைல உலையை எவன்டா கொளுத்துவான்?"

முதலில் சிரித்தது யார் என்று இன்றுவரை சண்டை ஓடுகிறது. எண்ணெய்க்காரன்தான் என்பது பெரும்பாலோர் கட்சி. சிரிப்பு சுவரில் மோதித் திரும்பியது. டேல் டையைத் தளர்த்தினான். பெத்ரெல்லா மேஜையைத் தட்டித் தட்டிக் கை ஓய்ந்துபோய், கொக்கோ வீடு குடியிருக்கத் தகுதியான வீடு என்று அறிவித்தார். பிறகு மேஜைமேல் குனிந்து, தன் பெண்டாட்டிக்குக் கேட்காத குரலில் கேட்டார்:

"லெம்பி, வீட்டுகிட்ட என்ன சொன்னே? அப்படியே எனக்குச் சொல்லு."

"சொல்றதுல என்ன இருக்கு? வெளிய போக மாட்டேன்னு சொன்னேன். ஆனா அதை நிஜமாச் சொல்லணும். வீட்டுக்கு வித்தியாசம் தெரியும்."

அடுத்த நவம்பரில் மேட்டுத் தெருவில் ஆறு வீடுகள் சுருங்கின. அதற்கடுத்த ஆண்டு இரண்டு வீடு தவிர எல்லாம். பாதிரியாரைச் சமையலறையில் உட்கார வைத்தார்கள். அவரும் அங்கேதான் நன்றாகச் சாப்பிட்டார். பெத்ரெல்லாவின் வீடு இரண்டு குளிர்காலம் அசையவே இல்லை. மூன்றாவது குளிர்காலத்தில், கடன்காரனை வாசலில் வைத்து, வெளியே போக மாட்டேன் என்று அவர் நிஜமாகவே போட்ட ஒரு கூச்சலில், ஒரே நாளில் மூன்றிலொரு பங்கானது. டேல் இப்போது சின்ன உலைகள்தான் விற்கிறான். அது தன் யோசனை என்று வெளியூரில் சொல்லிக்கொள்கிறான். இந்த வீட்டு விஷயத்தில் ஊருக்கு இருக்கிற ஒரே மனக்குறை பனி வாருவதுதான். முன்பெல்லாம் வாசல் தெருவுக்குக் கிட்டத்தில் இருந்தது. இப்போது சுவர் உள்ளே போய்விடுவதால், வீட்டு வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே இரண்டு பங்கு பனி விழுகிறது. போன ஜனவரியில்கூட ரூடி மண்வாரியை ஊன்றிக்கொண்டு, மூச்சு வாங்க, சமையலறை ஜன்னலைப் பார்த்துக் கத்தினான்.

"முதுகு போச்சுக்கா! இந்த வீடு ஏன் இவ்வளவு தூரம் தள்ளிப் போகணும்?"

லெம்பி ஜன்னலைத் திறந்தாள். சூடான காற்று ஒரு புகைபோல வெளியே வந்தது.

"வீடு எங்கயும் போகலடா. நம்மளோடவேதான் இருக்கு. வாரு."

ரூடி வாரினான்.