கனத்த கூரை

இன்ஜினியர் ஆல்பினுக்குக் காலையிலேயே ரத்தம் கொதித்தது. நடைபாதைக்கு மேலே அவன் வரைந்து கொடுத்துப் போடவைத்த காப்புக் கூரையைக் காணோம். பலகைகளும் மணல் மூட்டைகளும் சுவரோரம் கிடந்தன. சவுக்குக் கால்கள் மட்டும் நிற்க, அவற்றின் மேல் யாரோ தகரத்தை வைத்துக் கட்டியிருந்தார்கள்.

சிவகாசியில் பழைய தீப்பெட்டிக் கம்பெனிக் கட்டடம் அது. மேல் மாடியிலிருந்து இடித்துக்கொண்டு வருகிறார்கள். பக்கத்திலேயே அட்டைப்பெட்டி ஒட்டும் பிரிவு. சீசன் என்பதால் அதற்கு மட்டும் முதலாளி லீவு விடவில்லை. எம். புதுப்பட்டியிலிருந்து வேனில் வரும் பெண்கள் இடிபடும் சுவரை ஒட்டித்தான் உள்ளே போயாக வேண்டும். ஒரு செங்கல் கைதவறினால் ஒரு உயிர் போகும். அதற்காகத்தான் அவன் இந்தக் கூரைக்கு அவ்வளவு மண்டையை உடைத்துக்கொண்டான்.

"எவன் கழட்டுனது?"

"நாங்கதான்" என்றாள் முத்துமாரியம்மாள். அந்தப் பெண்களுக்கெல்லாம் அவள்தான் வாய். "அம்புட்டுக் கனத்துக்குக் கீழ நாங்க நடக்க மாட்டோம்."

அவள் பட்டாசு ஆலையில் இருந்தவள். வெடித்தால் கூரை பறந்துவிட வேண்டும், லேசாக இருந்தால்தான் பிழைக்கலாம் என்று பழகியவள். அங்கே ஒரு வெடிவிபத்தில் அவள் தங்கை மேல் காங்கிரீட் கூரை இறங்கிய கதை ஆல்பினுக்கும் தெரியும். தெரிந்தும் இரக்கம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

"இங்க என்ன வெடிக்கப்போகுது? மேல இருந்து கல்லு விழும். தகரம் தாங்காது."

"எங்க தங்கச்சிய வெடி கொல்லல தம்பி. கூரைதான் கொன்னுச்சு. ஒங்க படிப்புல அது இல்லையோ?"

மாடியில் நின்ற கொத்தனார் சோணைமுத்துவைப் பார்த்து, தகரத்தின் மேல் ஒரு செங்கல்லைப் போடச் சொன்னான். கல் தகரத்தைக் கிழித்துக்கொண்டு தரையில் வந்து சிதறியது. பெண்கள் பின்வாங்கினார்கள். ஆல்பின் சிரித்தான். சிரித்திருக்க வேண்டாம்.

முத்துமாரியம்மாள் அந்தக் கிழிசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி. பழையபடி மூட்டைய ஏத்துங்க."

ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தான். பலகை பரப்பி, மூட்டைகளை அடுக்கி முடித்ததும் அவள் மாடிப்படியில் கால் வைத்தாள்.

"இப்ப நீங்க இதுக்குக் கீழ போயி நில்லுங்க. நான் கல்லப் போடுறேன்."

ஒருத்திகூட வேண்டாம் என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றால் இவர்கள் இதற்குக் கீழே என்றைக்கும் வர மாட்டார்கள், வெட்டவெளியில் அந்தச் சுவரோரமாகவே நடப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். காகிதத்தில் போட்ட கணக்கில் சந்தேகமில்லை. ஆனால் இப்போது அவசரத்தில் கட்டிய கயிறுகளை அவன் இழுத்துப் பார்க்கவில்லை. இனிமேல் பார்த்தால் மானம் போகும். உள்ளே போய் நின்றான்.

தொப்பென்று விழுந்தது. இடுக்கு வழியாக மணல் கழுத்தில் கொட்டியது. கூரை நின்றது. வெளியே வரக் காலெடுத்தான்.

"இது சின்னது, சோணைமுத்து" என்று மேலே அவள் குரல் கேட்டது. "அந்தப் பெருசை எடு."

எடுத்த காலை ஆல்பின் பின்னால் வைத்தான். வெளியே பெண்கள் தூக்குவாளிகளோடு நின்றார்கள். யாரும் அவனைப் பார்க்கவில்லை. எல்லார் முகமும் மேலே இருந்தது.