கோபிக்குச் சான்ஸ் எவ்வளவு

எங்கள் கம்பெனியில் மேல்படிப்புக்கு அப்ளை பண்ணுகிறவர்கள் முதலில் என்னிடம்தான் வருவார்கள். மார்க், இங்கிலீஷ் பரீட்சை ஸ்கோர், வேலை அனுபவம் எல்லாம் கேட்டுக்கொண்டு, எந்த யுனிவர்சிட்டியில் எத்தனை சதவீதம் சான்ஸ் என்று சொல்லிவிடுவேன். இதற்காகவே இருநூறு பேருடைய பழைய அட்மிஷன் விவரங்களை நெட்டில் தோண்டி எடுத்து வைத்திருந்தேன். ஏழெட்டுப் பேருக்குச் சொன்னது சொன்னபடி நடந்ததில் தலைக்கனமும் கொஞ்சம் ஏறியிருந்தது.

கோபிக்கு ஜெர்மனியில் ஒரு யுனிவர்சிட்டியைக் காட்டி, எண்பது என்றேன். பர்கூர் காலேஜில் என்னோடு படித்தவன். என்னைவிட மார்க் அதிகம். அதைவிடப் பெரிது அவன் செய்த ஃபிக்ஸ்சர். துளை போடும்போது பாகத்தை அசையவிடாமல் பிடித்துக்கொள்ளும் சாதனம். ஷிஃப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல், மூன்று மாதம் மெஷின் பக்கத்திலேயே நின்று அதைச் செய்தான். அது வந்த பிறகு எங்கள் லைனில் ரிஜெக்‌ஷன் பாதியாகக் குறைந்தது.

அதே யுனிவர்சிட்டியில் எனக்கு முப்பதுகூடத் தேறாது.

சிபாரிசுக் கடிதம் என்று போனால் மேனேஜர் மூர்த்தி சார் எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்வார். "நீயே எழுதிகினு வாப்பா, கையெழுத்து போட்டுத் தரேன்." படித்துப் பார்க்கிற வழக்கமெல்லாம் கிடையாது. கோபிக்கு இங்கிலீஷ் தகராறு என்பதால் அவன் கடிதத்தையும் நான்தான் எழுதினேன். நன்றாக வந்திருந்தது. பெயரை மட்டும் மாற்றி எனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டேன். ஃபிக்ஸ்சரும் என் பெயருக்கு வந்துவிட்டது. ஜெர்மனியிலேயே வேறொரு யுனிவர்சிட்டிக்கு மட்டும் அனுப்புவதாகத்தான் இருந்தேன். கடைசி நாளில் ஆசை யாரை விட்டது, கோபி போட்டிருந்த இடத்துக்கும் அவனிடம் சொல்லாமலே அனுப்பித் தொலைத்தேன்.

அந்த வேறொரு இடத்தில் எனக்கு அட்மிஷன் கிடைத்தது. பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். என்னைவிட கோபிதான் அதிகமாகச் சந்தோஷப்பட்டான்.

அடுத்த வாரம் குருபரப்பள்ளியில் இருக்கும் எங்கள் அத்தாவின் டயர் கடைக்கு வந்து, போனை நீட்டினான். அவன் யுனிவர்சிட்டியிலிருந்து மெயில். உங்கள் கம்பெனியிலிருந்து வந்த இன்னொரு கடிதம் இதே வேலையை வேறொருவர் செய்ததாகச் சொல்கிறது. யார் செய்தது என்று பத்து நாளுக்குள் மேனேஜர் உறுதி செய்யாவிட்டால் இருவர் விண்ணப்பமும் ரத்து. காலையில் எனக்கும் இதே மெயில் வந்திருந்தது.

"எவன்டா அது? நம்ம லைன் சுவாதி வேலையா இருக்குமா? அவளும் அப்ளை பண்ணா இல்ல?"

"தெரியலடா."

"லைன்ல அத்தினி பேருக்கும் நான் செஞ்சதுன்னு தெரியும். மூர்த்தி சார்கிட்ட போய் நின்னா எழுதித் தர மாட்டாரா? சான்ஸ் எவ்ளோடா, சொல்லு."

தொண்ணூறுக்குக் குறையாது. மூர்த்தி சார் சோம்பேறியே தவிர, கெட்டவர் இல்லை. ஆனால் எழுதுவதற்கு முன்னால் அந்த இன்னொரு கடிதம் யாருடையது என்று கேட்பார். என் பெயர் வெளியே வரும். கிடைத்த அட்மிஷனும் போய்விடும். கடைக்குள்ளே அத்தா ஒரு லாரி டிரைவரிடம், "பையன் செப்டம்பர்ல ஜெர்மனி போறான் பாய்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒரு சதவீதம்கூட இல்லடா," என்றேன். "படிக்காம கையெழுத்து போட்டது வெளிய தெரிஞ்சா அவர் வேலைக்கே ஆபத்து. எனக்குத் தெரியாதுன்னுடுவாரு. உன்னையும் லைன்ல வச்சிக்க மாட்டாரு. போய் நிக்காத."

சொல்லும்போது என் குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

கோபி போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். "நீயே இல்லன்னு சொன்னா அப்புறம் என்ன," என்று சொல்லிவிட்டு, செகண்ட் ஷிஃப்டுக்கு நேரமாயிற்று என்று வண்டியை எடுத்தான்.

மூர்த்தி சார் கேபின் பக்கம் அவன் போகிறானா என்று பத்து நாளும் கவனித்துக்கொண்டே இருந்தேன். போகவில்லை.