ஏழாவது தூண் சாட்சி

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆற்றுப் பாலத்தின் ஏழாவது தூண்மேல் கையை வைத்துச் செய்யப்படும் சத்தியம் இது. காங்கிரீட்டின் மேல் பொய்ச் சத்தியம் செய்தால் கை அப்படியே ஒட்டிக்கொள்ளும் என்பது கட்டுமானத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். கை ஒட்டவில்லை. மேலே போகலாம்.

அந்தப் பாலத்தைக் கட்டிக்கொண்டிருந்தபோது பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவரை எல்லோரும் விசில் என்றுதான் சொல்வார்கள். கழுத்தில் எந்நேரமும் ஒரு விசில் தொங்கும். எவனாவது தலைக்கவசம் இல்லாமல் தலையை நீட்டினால் ஊதுவார். அவர் ஊதினால் கிரேன் நிற்கும், லாரி நிற்கும், ஆற்றில் போகிற படகு நிற்கும். ஒருமுறை தொட்டியிலிருந்து கொட்டிக்கொண்டிருந்த காங்கிரீட்டே பாதி வழியில் அந்தரத்தில் நின்று, அவர் கையசைத்த பிறகுதான் கீழே விழுந்தது. பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்; கேட்டால் மறுப்பார்கள், அது வேறு விஷயம்.

அவர் மனைவி அதே வேலையிடத்தில் தர அதிகாரி. கையை விட்டு மட்டம் பார்க்கும் ரசமட்டம் இறங்காது, ஆகவே பெயரும் ரசமட்டம். சுவர் ஒரு நூல் சாய்ந்திருந்தால் அந்த அம்மாள் பார்க்கிற பார்வையிலேயே அது தானாக நிமிர்ந்து நின்றுகொள்ளும். மூன்றாவது ஆள், அந்த அம்மாளின் தம்பி, சுற்றுச்சூழல் அதிகாரி. தூசி பறக்கக் கூடாது, ஆற்றில் சேறு கலக்கக் கூடாது, தவளை மிதிபடக் கூடாது. தூசி என்று அவருக்குப் பெயர் வைத்ததில் தவறில்லை. வேலைக் கூட்டங்களில் தவளைகளின் சார்பாக எழுந்து பேசிய ஒரே மனிதர் அவர்தான்.

ஒரே குடும்பம் என்றாலும் மூன்று துறைகளும் மூன்று தனி நாடுகள். மூன்று அறிவிப்புப் பலகைகள், மூன்று அலமாரிகள், தினமும் காலையில் மூன்று கூட்டங்கள். முதல் கூட்டத்தில் விசில் வந்து, தரை ஈரமாக இருக்கவே கூடாது என்பார். இரண்டாவதில் ரசமட்டம் வந்து, புதுக் காங்கிரீட் ஒரு நிமிஷம்கூடக் காயக் கூடாது, தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்பார். மூன்றாவதில் தூசி வந்து, ஊற்றிய தண்ணீர் ஒரு சொட்டுகூட ஆற்றுக்குப் போகக் கூடாது என்பார். "இதெல்லாம் கேட்டு முடிக்கிறதுக்குள்ள சாப்பாட்டு மணி அடிச்சிடுது. நாங்க எப்பதான் வேலை செய்யறது?" என்று கம்பி கட்டும் மேஸ்திரி கேட்டார். மூன்று பேரும் அதைத் தனித்தனியாகக் குறித்துக்கொண்டார்கள்.

தலைமை அலுவலகத்துக்கு இது எப்படியோ எட்டியது. இனி ஒருங்கிணைந்த மேலாண்மை முறை என்று உத்தரவு வந்தது. தரம், பாதுகாப்பு, சுற்றுச்சூழல் மூன்றும் ஒன்றே. மூன்று பேரும் ஒன்றாக இடத்தைப் பார்த்து, ஒரே அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்ட பிறகே காங்கிரீட் போட வேண்டும். இது நடக்கிறதா என்று பார்க்க ஒரு தணிக்கையாளர் வருவார். தணிக்கை என்றதும் ஸ்டோர் கீப்பர் காரணம் சொல்லாமல் விடுப்பில் போய்விட்டார். மற்றவர்கள் அவ்வளவு பயப்படவில்லை. பழைய சீட்டுகள் மூன்றையும் அடுக்கி, மூலையில் ஒரு பின்னைக் குத்தினார் தூசி. ஒருங்கிணைந்துவிட்டது.

பின்னைக் குத்தியதற்கு ஒரு காரணம் இருந்தது. அக்காவையும் மாமாவையும் ஒரே மேஜையில் உட்காரவைப்பதைவிட அது சுலபம். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்று போயிருந்தது.

நின்றது ஏழாவது தூணில்தான். ஒருநாள் விசில் சாரத்தின் உச்சியில் நின்று ஆட்களுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தபோது, கீழேயிருந்து ரசமட்டம் ஏணியில் விறுவிறுவென்று ஏறி வந்தார். தலைக்கவசத்தின் வார் கட்டவில்லை. இடுப்பில் பாதுகாப்பு பெல்ட் இல்லை. விசில் ஊதினார். அந்த அம்மாள் ஏணியின் நடுவில் நின்று கையை ஆட்டி ஏதோ சொன்னார். இவர் இன்னும் பலமாக ஊதினார். பாலமே திரும்பிப் பார்த்தது. "கீழே இறங்குங்க மேடம். உங்களுக்குன்னு தனிச் சட்டம் கிடையாது" என்றார். அதோடு விட்டாரா என்றால் இல்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களின் வகுப்பில் கொண்டுபோய் உட்காரவைத்து, பெல்ட் போட்டு அதன் கொக்கியைச் சாரத்தில் மாட்டுவது எப்படி என்று அவரே பாடம் எடுத்தார். அந்த அம்மாள் முதல் வரிசையில் உட்கார்ந்து முழுப் பாடத்தையும் கேட்டார். எழுந்து போனார். அன்று சாயங்காலம் வரை விசிலுக்குப் பெருமையாக இருந்தது. மனைவி என்றும் பார்க்காமல் சட்டத்தைக் காப்பாற்றியவர் என்று நாலு பேர் சொன்னார்கள். வீட்டுக்குப் போனபோதுதான், அந்த நாலு பேரும் தன்னோடு வீட்டுக்கு வரமாட்டார்கள் என்பது உறைத்தது.

வீட்டுப் பேச்சு கொஞ்ச நாள் மகள் வழியாகப் போனது. அப்பாவை விளக்கை அணைக்கச் சொல், அம்மாவிடம் சாவி எங்கே என்று கேள் என்று. "நான் என்ன வாக்கி டாக்கியா? ஒவ்வொரு தடவையும் ஓவர் ஓவர்னு வேற சொல்லணுமா?" என்று அவள் பொறுப்பை ராஜினாமா செய்தாள். விசில் அதையெல்லாம் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது வேறொன்று. கல்யாணமான நாளிலிருந்து, அவர் காலையில் செருப்பை மாட்டும்போது உள்ளேயிருந்து ஒரு குரல் வரும்: பார்த்துப் போங்க. அவ்வளவுதான். அதை அவர் காதில் வாங்கிக்கொண்டதாகவே ஞாபகமில்லை. இப்போது அது வராமல் போனதும், வாசலில் ஒரு செருப்பை மாட்டிவிட்டு மற்றதை மாட்டாமல் நிற்க ஆரம்பித்தார். ஊருக்கெல்லாம் ஜாக்கிரதை சொல்கிற மனிதருக்கு ஜாக்கிரதை சொல்ல ஒரே ஓர் ஆள்தான் இருந்தது. அந்த ஒரு சொல் திரும்ப வருமென்றால் விசிலை ஆற்றில் எறியவும் அவர் தயார். ஆனால் ஆற்றில் எதையும் எறிய மச்சான் விடமாட்டார்.

தணிக்கையாளர் வந்தார். கனத்த சரீரம், மெதுவான பேச்சு, கையில் ஒரு கோப்பு. நேராக ஏழாவது தூணைப் பார்க்க வேண்டும் என்றார். மறுநாள் அதன் தலைப்பகுதிக்குக் காங்கிரீட் போடுவதாக இருந்தது. போடலாமா கூடாதா என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

இனி நடந்ததை நம்புவது கஷ்டம், ஆகவே கவனமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தூணின் ஒரு பக்கம் கம்பி ஏற்றுகிறார்கள் என்று விசில் முந்தின நாள் நடைபலகையை மறுபக்கம் மாற்றியிருந்தார். மறுபக்கம்தான் ரசமட்டத்தின் ரப்பர் குழாய் தூணுக்கு ஓயாமல் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீர் ஆற்றில் கலக்காமலிருக்க, தூசி கரைச் சரிவு நெடுக வழவழப்பான பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, சேறு தங்கும் குழி வரைக்கும் வாய்க்கால் அமைத்திருந்தார். மூன்றும் அதனதன் அளவில் குறையில்லாத வேலை. தணிக்கையாளர் பலகையில் காலை வைத்தார்.

வைத்த கால் நிற்கவில்லை. மனிதர் உட்கார்ந்த வாக்கில் சரிவில் இறங்கினார். கோப்பை மார்போடு அணைத்தபடி, மூக்குக் கண்ணாடி நழுவாமல், கம்பிப் பட்டறையைத் தாண்டி, சிமெண்ட் கிடங்கைத் தாண்டி, வழியில் பாதுகாப்பே முதல் என்ற துணிப் பதாகையையும் பிய்த்துச் சுற்றிக்கொண்டு போனார். விசில் ஊதினார். சரித்திரத்தில் முதல் முறையாக எதுவும் நிற்கவில்லை. டீக்கடைக்காரர் தூரத்தில் ஓர் ஆள் இந்த வேகத்தில் வருவதைப் பார்த்து, அவசரமாக இருக்கும் என்று டீயை ஆற்றிவிட்டார். தணிக்கையாளர் குழியில் போய் நின்றபோது தம்ளர் அவர் கைக்கு வந்துவிட்டது. ஒரு சிராய்ப்பு இல்லை. மூன்று துறைகளும் ஒருங்கிணைந்து செய்த முதல் காரியம் அதுதான்.

பிறகு அலுவலகத் தகர அறையில், பதாகையைப் போர்த்திக்கொண்டு, தணிக்கையாளர் மூன்று பேரையும் எதிரில் உட்காரவைத்தார். கோபப்படவில்லை. விபத்தின் வேரைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான் இருக்கிறது, ஏன் என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும் என்றார். விசிலுக்கு அது அத்துப்படி. ஸ்பானர் விழுந்தாலும் குழாய் வெடித்தாலும் அவரும் அப்படித்தான் கேட்பார்.

பலகை ஏன் ஈரமாக இருந்தது? தூணுக்குத் தண்ணீர் ஊற்றியதால், என்றார் தூசி. ஊற்றுகிற இடத்தில் பலகை ஏன் வந்தது? கம்பி ஏற்றுவதால் மாற்றினேன், என்றார் விசில். மாற்றியதைத் தர அதிகாரியிடம் ஏன் சொல்லவில்லை? விசில் மனைவியைப் பார்க்காமல் மச்சானைப் பார்த்தார்.

"பேசிக்க மாட்டாங்க சார்," என்றார் தூசி கடைசியில்.

"யாரு?"

"அக்காவும் மாமாவும்."

தணிக்கையாளர் பேனாவை மேஜையில் வைத்தார். ஏன் என்றார். விசில் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்: வார் கட்டாமல், பெல்ட் இல்லாமல், ஏழாவது தூணில் ஏறியதை, தான் இறக்கியதை, வகுப்பில் உட்காரவைத்ததை. பல தடவை சொன்ன கதை என்பதால் கோர்வையாக வந்தது.

"சரி. அவங்க ஏன் ஏறினாங்க?"

எத்தனையோ விபத்துகளுக்கு எத்தனையோ ஏன்கள் கேட்ட மனிதர், இந்த ஒன்றை அந்த ஏணியிலும் கேட்கவில்லை, வீட்டிலும் கேட்கவில்லை. ஒரு செருப்போடு வாசலில் நின்ற அத்தனை காலைகளிலும் தோன்றவில்லை. மெல்ல மனைவி பக்கம் திரும்பினார். அந்த அம்மாள் மடியிலிருந்த ரசமட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் குமிழி அங்குமிங்கும் அசைந்தது. பதிலைத் தணிக்கையாளரிடம் சொல்லவில்லை. புருஷனிடம் சொன்னார்.

"உங்க பெல்ட்டோட கொக்கியை நீங்க மாட்டலை. பின்னாடி தொங்கிக்கிட்டிருந்துச்சு. கீழேயிருந்து கத்தினேன், உங்களுக்குக் கேக்கலை. அதான் ஓடி வந்தேன். ஏணியில நின்னும் சொன்னேன். நீங்க ஊதிக்கிட்டே இருந்தீங்க."

விசில், "அப்புறமாவது சொல்லியிருக்கலாமே," என்றார். அவர் குரல் அவருக்கே கேட்டிருக்காது.

"அப்புறம்தான் வகுப்புல உக்கார வச்சு, கொக்கி மாட்டுறது எப்படின்னு பாடம் எடுத்தீங்களே. நடுவுல பேசலாமா?" என்றார் ரசமட்டம். பிறகு, "நல்லாத்தான் எடுத்தீங்க," என்றும் சேர்த்துக்கொண்டார்.

தூசி ஜன்னல் வழியாகத் தவளைகளைத் தேடினார். தணிக்கையாளர் வேர்க்காரணம் என்ற இடத்தில், தகவல் பரிமாற்றத்தில் குறைபாடு என்று எழுதினார். உலகத்தில் பாதிக் குடும்பங்களுக்கு அதையே எழுதலாம். மூன்று சீட்டுகளைக் கோத்திருந்த பின்னைப் பிடுங்கித் தூசியின் கையில் கொடுத்து, நாளைக்கு மூன்று பேரும் சேர்ந்து நடந்து பார்த்துவிட்டு, தூணடியில் நின்று கையெழுத்துப் போட்டால் காங்கிரீட் போடலாம் என்றார். டீக்குக் காசு கொடுக்கப் போனவரைக் கடைக்காரர் தடுத்துவிட்டார். அப்படி வந்தவரிடம் வாங்க அவருக்கு மனசு வரவில்லை.

மறுநாள் காலையில் ஒரே கூட்டம்தான். கம்பி கட்டும் மேஸ்திரி, முடிந்துவிட்டதா என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு மூன்று பேரும் தூணைச் சுற்றி நடந்தார்கள். ரப்பர் குழாயை அந்த அம்மாள் தள்ளிப் போட்டார், பலகையை விசில் துடைத்தார், விரிப்பின் குறுக்கே தூசி ஒரு தடுப்புக் கட்டினார். ஏணியடிக்கு வந்ததும் விசில் கழுத்திலிருந்ததைக் கழற்றிப் பையில் போட்டார்.

"அதை எடுத்து மாட்டுங்க. மொட்டையா இருக்கு," என்றார் ரசமட்டம்.

மாட்டிக்கொண்டார். மனைவியின் தலைக்கவச வார் தொங்குவதைப் பார்த்தார். கை விசிலுக்குத்தான் போனது. பாதியில் திரும்பி, தாடையடியில் வாரைக் கோத்து இழுத்துக் கட்டியது. விசில் ஏணியின் முதல் படியில் கால் வைத்தபோது, பின்னால் அவருடைய கொக்கியைப் பிடித்து யாரோ இழுத்துப் பார்த்தார்கள்.

"பார்த்துப் போங்க."

விசில் ஒரு கால் ஏணியிலும் ஒரு கால் தரையிலுமாக அப்படியே நின்றார். மேலே ஆட்கள் காத்திருந்தார்கள், கிரேன் காத்திருந்தது, தொட்டியில் காங்கிரீட் காத்திருந்தது. யாரும் ஊதாமலே எல்லாம் நின்றிருந்தன. தூணில் சுற்றிய ஈரச் சாக்கிலிருந்து ஒரு சொட்டு வழிந்து, புதுத் தடுப்பைத் தொட்டுத் திரும்பி, குழியை நோக்கி நிதானமாகப் போனது.

பாலம் திறந்து வெகுநாளாகிறது. அதற்கு மொத்தம் ஆறு தூண்கள்.